ஆறு மணி மாத்திரை

"நோயாளியின் கவனக்குறைவு."

இந்த இரண்டு சொற்களைத் தன் பணிக்காலத்தில் எத்தனை தடவை எழுதியிருப்பாள் என்று கேட்டால் சிஸ்டருக்கே தெரியாது. கட்டிலிலிருந்து இறங்கும்போது விழுந்தாரா? நோயாளியின் கவனக்குறைவு. கழிப்பறை வாசலில் வழுக்கினாரா? நோயாளியின் கவனக்குறைவு. வார்டில் யாராவது விழுந்தால் நிரப்புவதற்கென்று ஒரு படிவம் உண்டு. அதில் 'காரணம்' என்ற கட்டம் ஒரு விரல் நீளம்தான் இருக்கும். அந்த இரண்டு சொற்களும் அதில் கச்சிதமாக உட்காரும். அச்சடித்தவன் அளவெடுத்துத்தான் அச்சடித்தானோ என்னவோ!

ஆண்களுக்கான பொது மருத்துவ வார்டு அது. முப்பது கட்டில். இதயம் களைத்து, கால் வீங்கி, நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்குகிறவர்கள்தான் பாதிக்கு மேல். சிஸ்டர் அங்கே சேர்ந்து இருபத்தாறு வருடம் ஆகிறது, தலைமை நர்ஸாகிப் பதினோரு வருடம். முதுகுக்குப் பின்னால் எல்லோரும் 'மிளகாய் சிஸ்டர்' என்பார்கள். அது அவளுக்கும் தெரியும். "காரம் கொஞ்சம் கொறைஞ்சாலும் இந்த வார்டு ஒரே நாள்ல கெட்டுப் போயிடும்" என்பாள். ஆறு மாதத்தில் மேட்ரன் ஓய்வு பெறுகிறார், அடுத்த மேட்ரன் இவள்தான் என்று அலுவலகத்தில் ஏற்கெனவே பேச்சாகிவிட்டது. சீருடையின் அளவு வரைக்கும் தையல்காரரிடம் கொடுத்தாயிற்று என்று கூடக் கேலி பேசினார்கள்.

அப்படிப்பட்டவளுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்து சேர்ந்தது வினை.

காலை ஏழு மணிக்கு இரவு நர்ஸ்கள் பகல் நர்ஸ்களிடம் வார்டை ஒப்படைப்பார்கள். எல்லோருமாகக் கூட்டமாகச் சேர்ந்து முதல் கட்டிலில் ஆரம்பித்து முப்பதாவது வரை நடப்பார்கள். இவருக்கு ராத்திரி காய்ச்சல், இவருக்கு ஊசி போட்டாச்சு, இவர் தூங்கவில்லை என்று நோட்டைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் பிடிக்கும். அன்று நான்காவது கட்டிலில் நின்றுகொண்டிருந்தபோது வார்டின் கடைசியில் 'தொப்'பென்று ஒரு சத்தம். பிறகு ஒரு அலறல்.

பதினேழாம் கட்டில் தபால்காரர். ஓய்வு பெற்றவர். முப்பத்தெட்டு வருடம் நடந்தே கடிதம் கொடுத்தவர். "இந்தக் கால் ஊரையே அளந்த கால் சிஸ்டர், இப்ப பாருங்க, பூசணிக்காய் மாதிரி வீங்கிக் கிடக்கு" என்று முந்தின நாள்தான் சொல்லிச் சிரித்தார். அந்த மனிதர் கழிப்பறை வாசலில் மல்லாந்து கிடந்தார். வலது கால் வெளிப்பக்கமாகத் திரும்பிக் குட்டையாகத் தெரிந்தது. இடுப்பெலும்பு போய்விட்டது என்று பார்த்த மாத்திரத்தில் சிஸ்டருக்குத் தெரிந்துபோயிற்று. பக்கத்தில் தரை துடைக்கிற கட்டையைப் பிடித்தபடி ஆயாம்மா நின்றாள்.

தபால்காரரின் மகள் எட்டு மணிக்கு வந்தாள். ஒன்பது மணிக்கெல்லாம் அவள் போட்ட சத்தம் கண்காணிப்பாளர் அறைவரை எட்டியது. அவளைக் குறை சொல்ல முடியுமா? மூச்சு வாங்குகிறதென்று அப்பாவைக் கொண்டுவந்து விட்டாள், இடுப்பை உடைத்துத் திருப்பிக் கொடுத்தால் யார்தான் கத்தமாட்டார்கள். ஆனால் பெரிய டாக்டருக்கு, கண்காணிப்பாளரை எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், சத்தம் அடங்கினால் போதும். இந்தத் தடவை 'நோயாளியின் கவனக்குறைவு' என்று எழுதினால் அந்த மகள் விடமாட்டாள். அப்படியானால் வேறு யாராவது வேண்டும். பதினொரு மணிக்கு உத்தரவு வந்தது: தரை ஈரமாக இருந்தும் எச்சரிக்கைப் பலகை வைக்காத ஆயாம்மா தற்காலிக வேலைநீக்கம். மூன்று வாரத்தில் விசாரணை. அதற்குப் பிறகு நிரந்தரமாக வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்பது அந்தக் கட்டடத்தின் சுவருக்குக்கூடத் தெரியும்.

எச்சரிக்கைப் பலகையாம்! அந்த வார்டுக்கு இருப்பதே ஒரே ஒரு மஞ்சள் பலகை. அதுவும் அன்று எதிர்முனையில் ஈரமான இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தது. ஆயாம்மா அதை இரண்டாகப் பிளந்தா வைப்பாள்?

துணி அடுக்கி வைக்கிற அறையில் ஆயாம்மா உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். கணவன் இல்லாதவள். கல்லூரியில் படிக்கிற மகள் ஒருத்தி, படுத்த படுக்கையாக மாமியார் ஒருத்தி. இந்த வேலை போனால் அந்த வீட்டில் அடுப்புக்கு வேலையில்லை.

"தினமும் அந்த நேரத்துலதான சிஸ்டர் தொடைக்கறேன்? எட்டு மணிக்குப் பெரிய டாக்டர் வரும்போது தரை காஞ்சிருக்கணும்னு நீங்கதான சொன்னீங்க?"

"அழாதீங்க ஆயாம்மா. நான் பேசறேன்."

"என்ன பேசுவீங்க? எல்லாருக்கும் ஒண்ணா வருது சிஸ்டர். ஏழு மணி ஆனா போதும், மந்தை கிளம்பற மாதிரி கிளம்பிடறாங்க. ஒரு கழிப்பறை, பத்து பேரு. முட்டி மோதிக்கிட்டு ஓடறாங்க. நான் இதைப் போன வருஷமே உங்ககிட்ட சொன்னேன்."

சொல்லியிருந்தாள். சிஸ்டருக்கு நினைவு வந்தது. அப்போது அவள் என்ன பதில் சொன்னாள் என்பதும் நினைவு வந்தது. "வந்தா போகட்டும், அடைச்சா வைக்க முடியும்?" சுற்றி நின்ற நர்ஸ்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆயாம்மாவும் வேறு வழியில்லாமல் சேர்ந்து சிரித்துவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போன சிஸ்டர் பையைத் தூக்கி மூலையில் எறிந்தாள். அவள் கணவர் பேருந்து டிப்போவில் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை மணிக்கு வந்தது என்று எழுதியே முப்பது வருடம் ஓட்டியவர். கோபத்தில் இருக்கிற மனைவியிடம் வாயைக் கொடுத்தால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும் என்று அனுபவத்தில் தெரிந்தவர். பேசாமல் டீயைக் கொண்டுவந்து வைத்தார்.

"ஒரு ஏழைப் பொம்பளை தலையில கட்டிட்டு எல்லாரும் கையைக் கழுவிட்டாங்க. அந்த ஆளுக்கு வெக்கமே இல்லைங்க. ஈரத்தரையாம். ஏன், நேத்து ஈரமா இல்லையா? முந்தாநாள் ஈரமா இல்லையா?"

"எத்தனை மணிக்கு விழுந்தாரு?"

"ஏழு பத்து."

"இதுக்கு முன்னாடி விழுந்தவங்க?"

"அது எப்படித் தெரியும்? படிவத்துல தேதிதான் இருக்கு. நேரத்துக்குக் கட்டமே கிடையாது."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "என்னடி இது அநியாயமா இருக்கு! எங்க டிப்போவுல வண்டி ஒரு செவுத்துல ஒரசினாகூட மொதல்ல நேரத்தைத்தான் எழுதணும். டிரைவர் பேரெல்லாம் அதுக்கப்புறம்தான். ஒரே நேரத்துல ஒரே இடத்துல நாலு வண்டி ஒரசினா அது டிரைவர் கோளாறா, வளைவோட கோளாறா?"

சிஸ்டர் டீயைக் குடிக்கவில்லை. அது ஆறிப்போயிற்று.

மறுநாளிலிருந்து, வேலை முடிந்த பிறகு, அவள் பழைய கோப்புகள் கிடக்கிற அறைக்குள் புகுந்தாள். படிவத்தில் நேரம் இல்லை, சரி. ஆனால் ஒப்படைப்பு நோட்டு இருக்கிறதே! நர்ஸ்கள் எதை எழுதாவிட்டாலும் நேரத்தை எழுதாமல் ஒரு வரி எழுதமாட்டார்கள். கை பழகிப்போன பழக்கம் அது. தூசியில் தும்மித் தும்மி இரண்டு வருட நோட்டுகளைப் புரட்டினாள். தபால்காரரையும் சேர்த்து முப்பத்தோரு பேர் விழுந்திருந்தார்கள். இருபத்தொன்பது பேருக்கு நேரம் கிடைத்தது. அதில் இருபத்தொரு பேர் காலை ஆறே முக்காலுக்கும் ஏழே முக்காலுக்கும் நடுவில் விழுந்தவர்கள்.

இருபத்து நாலு மணி நேரத்தில் ஒரு மணி நேரம்! அந்த ஒரு மணி நேரத்தில் இருபத்தொரு பேர்! தபால்காரருடையது தவிர முப்பது படிவங்களிலும் காரணம் ஒன்றுதான். பெரும்பாலானவற்றில் அவள் கையெழுத்துதான். சிஸ்டருக்கு அந்தத் தாள்களைச் சுக்குநூறாகக் கிழிக்க வேண்டும் போலிருந்தது. பாவி, என்று தன்னையே திட்டிக்கொண்டாள். இருபத்தொரு பேர் ஒரே நேரத்தில் ஒன்றாகக் கவனம் கெட்டுப் போவார்களா?

அப்போதும் ஈரத்தரை என்று சொல்லிவிட முடியும். அதனால் மேல்மாடி அறுவைசிகிச்சை வார்டின் நோட்டுகளையும் கேட்டு வாங்கினாள். அதே தரை, அதே ஃபினாயில், அதே ஏழு மணிக்குத் துடைப்பு. அங்கே இரண்டு வருடத்தில் விழுந்தவர்கள் எட்டே பேர். அதுவும் அங்கொன்றும் இங்கொன்றுமாக, எல்லா நேரத்திலும். தரை காரணமென்றால் அங்கேயும் ஏழு மணிக்கு விழவேண்டுமே?

அவளுக்குத் துணி அறையில் ஆயாம்மா சொன்னது திரும்பத் திரும்பக் காதில் கேட்டது. எல்லாருக்கும் ஒண்ணா வருது.

மூன்று நாள் காலை ஆறரைக்கே வந்து, ஒப்படைப்பை இன்னொருத்தியிடம் விட்டுவிட்டு, கழிப்பறைக்கு எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள் சிஸ்டர். கையில் ஒரு தாள். யார் போனாலும் நேரத்தையும் கட்டில் எண்ணையும் எழுதினாள். நோயாளிகள் நெளிந்தார்கள். "சிஸ்டர், இதுக்குமா கணக்கு?" என்று ஒருவர் வாய்விட்டே கேட்டார். "ஆமா, நீங்க போயிட்டு வாங்க, மெதுவா" என்றாள். ஏழிலிருந்து ஏழே முக்காலுக்குள் முதல் நாள் பத்தொன்பது பேர். இரண்டாம் நாள் இருபத்திரண்டு. மூன்றாம் நாள் இருபது. மற்ற நேரத்தில் மணிக்கு நாலைந்து பேர்தான் போனார்கள்.

கட்டில் எண்ணையும் மருந்துச் சீட்டையும் ஒத்துப் பார்த்தாள். ஓடியவர்களில் முக்கால்வாசிப் பேர் நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள். கால் வீக்கம் வடிய, மூச்சு இளக, உடம்பில் தேங்கின நீரைச் சிறுநீராக இறக்குகிற மாத்திரை. போட்டு ஒரு மணி நேரத்தில் வேலையைக் காட்டிவிடும். அடக்க முடியாது. பழைய நோட்டில் அந்த இருபத்தொரு பேரைப் பார்த்தாள். பதினேழு பேருக்கு நீர் மாத்திரை.

எத்தனை மணிக்குக் கொடுக்கிறார்கள்? ஆறு மணிக்கு. அதாவது, மாத்திரை வேலை செய்கிற நேரத்தில் நர்ஸ்கள் எல்லோரும் நோட்டும் கையுமாக வேறெங்கோ ஒரு கட்டிலருகே கும்பலாக நிற்கிறார்கள். கைபிடித்துக் கூட்டிப்போக ஒருத்தி இல்லை. ஆயாம்மா தரையைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். களைத்த இதயமும் வீங்கின காலும் உள்ள கிழவர்கள் அந்த ஈரத்தில் ஓடுகிறார்கள். அடப்பாவிகளா! திட்டம் போட்டு விழவைத்தால்கூட இவ்வளவு சரியாக அமையாது.

இரவுப் பணியிலிருந்து கிளம்பிக்கொண்டிருந்த சின்ன சிஸ்டரைப் பிடித்தாள். சேர்ந்து இரண்டு வருடம் ஆன பெண்.

"ஏம்மா, டாக்டர் சீட்டுல 'காலை'ன்னுதான எழுதியிருக்காரு? ஆறு மணின்னு எங்க இருக்கு? உன்னை யாரு ஆறு மணிக்குக் கொடுக்கச் சொன்னது? தூக்கம் கலையறதுக்குள்ள வாயில திணிச்சிட்டு ஓடணும்னு அவசரமா?"

சின்ன சிஸ்டர் பயந்துபோய்விட்டாள். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"நீங்கதான் சிஸ்டர் சொன்னீங்க."

"நானா?"

"நான் சேர்ந்த மொத நாளே சொன்னீங்க. ஒப்படைக்கும்போது மாத்திரைத் தட்டு காலியா இருக்கணும், பாக்கி வச்சிட்டுப் போறவ நர்ஸே இல்லன்னு. எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கீங்க."



உண்மைதான். அவள் புதிதாக வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒரு இரவு நர்ஸ் தட்டில் மாத்திரைகளை மீதி வைத்துவிட்டுப் போனாள். பகலில் வந்த இவள் அதைக் கவனிக்கவில்லை. ஒருவருக்கு மருந்து தப்பிப்போயிற்று. அன்றிருந்த தலைமை நர்ஸ் வார்டு நடுவில் வைத்து, நோயாளிகள் கேட்க, இவளை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்டாள். அந்த அவமானம் போகவே இல்லை. தலைமை நர்ஸானதும் இவள் போட்ட முதல் சட்டமே அதுதான்: காலித் தட்டு. அதற்குமுன் ஒன்பது மணிக்குக் கொடுத்துக்கொண்டிருந்த மாத்திரைகள் ஆறு மணிக்கு வந்தன. பதினோரு வருடமாக அந்த வார்டின் தட்டு ஏழு மணிக்குப் பளபளவென்று காலியாக இருந்தது. மேட்ரனே மற்ற வார்டுகளிடம், "அங்க போய்ப் பாருங்க, கத்துக்குங்க" என்று சொல்லியிருக்கிறார்.

அன்று வீட்டில் கணவர் டீ வைத்தார். அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் மீசையைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"இதைச் சொன்னா மேட்ரன் வேலை?"

"போயிடும்."

"சொல்லாட்டி?"

"ஆயாம்மா வேலை போயிடும்." பிறகு வெடித்தாள். "ஏன் இப்படிக் கேக்கறீங்க? நான் என்ன பண்ணுவேன்னு உங்களுக்குத் தெரியாதா? தெரிஞ்சிக்கிட்டே கேக்கறீங்களே!"

"நேரம் கேட்டது நான்தானேடி. அந்தப் பாவத்துல எனக்கும் பங்கு இருக்கு" என்றார் அவர், பாதி விளையாட்டாக. அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் வார்டு டாக்டரம்மாவிடம் போனாள். இள வயது, எப்போதும் ஓட்டமும் நடையுமாக இருப்பவர். நீர் மாத்திரையை மட்டும் எட்டரைக்குக் கொடுக்கலாமா என்று கேட்டாள். "நான் காலைன்னுதானே எழுதியிருக்கேன் சிஸ்டர், எட்டரையும் காலைதானே. ஆறு மணிக்கா கொடுத்துக்கிட்டிருந்தீங்க?" என்று டாக்டரம்மா ஆச்சரியப்பட்டார். பதினோரு வருடத்தில் ஒரு டாக்டரும் இதைக் கேட்டதில்லை, அதையும் சொல்லவேண்டும். எட்டரைக்கு ஒப்படைப்பு முடிந்திருக்கும், தரை காய்ந்திருக்கும், வார்டில் ஆறு நர்ஸ்கள் கைகாலை வீசி நடந்துகொண்டிருப்பார்கள். அன்றிலிருந்து விசாரணை நாள் வரை பன்னிரண்டு காலைகள். ஒருவர்கூட விழவில்லை.

விசாரணை அறையில் நீள மேஜை. பெரிய டாக்டர் நடுவில், மேட்ரன் ஒரு பக்கம், எழுத ஒரு அலுவலர். ஆயாம்மாவை வெளியே பெஞ்சில் உட்காரவைத்திருந்தார்கள். கையெழுத்துப் போட மட்டும் கூப்பிடுவார்களாம். அவளைப் பற்றிய விசாரணைக்கு அவள் வெளியே!

"சுருக்கமா சொல்லுங்க சிஸ்டர். பலகை இருந்ததா, இல்லையா?"

"பலகை ஒண்ணுதான் இருக்கு சார். அதை விடுங்க. இதைப் பாருங்க."

தாள்களைப் பரப்பினாள். முப்பத்தோரு பேர், நேரம், கட்டில், மருந்து. மேல்மாடி வார்டு. மூன்று நாள் கழிப்பறைக் கணக்கு. பன்னிரண்டு நாள் எட்டரை மணி. "பன்னிரண்டு நாளை வச்சு எதையும் நிரூபிக்க முடியாது சார், அது எனக்கும் தெரியும். ஒரு வருஷம் பாக்கணும். ஆனா இந்த இருபத்தொரு பேரை ஆயாம்மா தள்ளிவிடலை. ஆறு மணி மாத்திரை தள்ளிவிட்டிருக்கு."

பெரிய டாக்டர் தாள்களைப் புரட்டினார். படிக்கவில்லை. "ஆறு மணிக்குக் கொடுக்கணும்னு யார் உத்தரவு?"

"நான்தான் சார்."

மேட்ரன் சட்டென்று தலையைத் தூக்கினார். வேண்டாம் என்று கண்ணாலேயே சொன்னார். சிஸ்டர் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள்.

"எழுத்துல இருக்கா?"

"எழுத்துல இல்லை. வாயால சொல்லி வச்சேன். பதினோரு வருஷமா நடக்குது."

பெரிய டாக்டரின் முகம் தெளிந்தது. தெளிந்தது என்றால், பாரத்தை இறக்கி வைத்த மாதிரி. அலுவலர் பக்கம் திரும்பினார். "சரி, பொறுப்பானவர்ங்கற இடத்துல ஆயா பேரை அடிச்சிட்டு சிஸ்டர் பேரைப் போடுங்க. முடிஞ்சுது."

அவ்வளவுதான்! மூன்று வாரம் தூசி தின்று அவள் கொண்டுவந்ததெல்லாம் ஒரு பெயரை அடித்து இன்னொரு பெயரை எழுதத்தான் அவருக்குப் பயன்பட்டது. சிஸ்டருக்கு உச்சந்தலைவரை பற்றிக்கொண்டு வந்தது.

"போடுங்க சார்! தாராளமா போடுங்க! என் தப்புதான், நான் ஓடி ஒளியலை. ஆனா பேரை மாத்தி எழுதிட்டா அடுத்த ஆள் விழாம இருந்துடுவாரா? இத்தனை வருஷமா நோயாளி பேரு, இப்ப ஆயா பேரு, நாளைக்கு என் பேரு. உங்களுக்குக் கட்டத்துல ஒரு பேரு வேணும், அவ்வளவுதான். உங்க படிவத்துல எத்தனை மணின்னு எழுத ஒரு கட்டம் இருக்கா சார்? இருந்திருந்தா இதை எப்பவோ கண்டுபிடிச்சிருப்போம். ஒரு பஸ் செவுத்துல இடிச்சா மணி பாக்கறாங்க. இங்க மனுஷன் இடுப்பு ஒடையுது, மணி பாக்க ஆளில்லை!"

"சிஸ்டர், குரலைத் தாழ்த்துங்க."

"தாழ்த்தித்தான் பதினோரு வருஷம் போச்சு. ஒண்ணா வருதுன்னு மொதல்ல கண்டுபிடிச்சது யாருன்னு தெரியுமா? வெளியே பெஞ்சுல உக்காந்திருக்காங்களே, அவங்க. போன வருஷமே எங்கிட்ட சொன்னாங்க. நான் சிரிச்சேன். அதையும் எழுதுங்க. ஒரு ஆயா என்ன பெருசா பாத்திருக்கப் போறான்னு நான் சிரிச்சேன். அதுக்குக் கட்டம் இருக்கா?"

எழுதுகிறவர் பேனாவை எழுதாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரமே ஆயாம்மாவுக்கு வேலை திரும்பியது. சிஸ்டருக்குக் கண்டனக் கடிதம் வந்தது, பணிப் பதிவேட்டில் ஏறியது. மேட்ரன் வேலைக்கு வேறொரு வார்டின் சிஸ்டர் பெயர் போனது. கடிதத்தை அவள் நாலாக மடித்துப் பைக்குள் போட்டாள். "இதுக்கு ஃப்ரேம் போட்டு மாட்டலாமா?" என்று கேட்ட கணவரை முறைத்த முறைப்பில் அவர் இரண்டு நாள் எட்டியே நின்றார்.

எலும்பு வார்டில் தபால்காரர் இருந்தார். அறுவை முடிந்து, காலைத் தூக்கிக் கட்டி. சிஸ்டர் போய்ப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றையும் விடவில்லை. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"எனக்கு முன்னாடி எத்தனை பேரு?"

"ஏழு மணி வாக்குல விழுந்தவங்க இருபது பேரு."

"இருபது பேரு." அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இருபத்தொண்ணாவதா என் கால் ஒடைஞ்சாத்தான் உங்களுக்குப் பாடம் ஏறும்போல. போங்க சிஸ்டர். நல்லது பண்ணியிருக்கீங்க, அது எனக்குத் தெரியுது. ஆனா இப்ப உங்களைப் பாக்கப் புடிக்கலை. போங்க."

அவள் போனாள். அந்த வார்த்தையில் அவளுக்குக் கோபம் வரவில்லை. அந்த மூன்று வாரத்தில் அவளுக்குக் கோபம் வராத ஒரே பேச்சு அதுதான்.

புதுப் படிவம் அச்சாகி வர ஏழு மாதம் ஆனது. முதல் கட்டமே 'நேரம்'. கடைசிக் கட்டம் 'பொறுப்பானவர்' அப்படியே இருந்தது. அதை எடுக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. அந்த ஏழு மாதத்தில் வார்டில் விழுந்தவர்கள் மூன்று பேர். ஏழு மணிக்கு ஒருவரும் இல்லை.

மூன்றாவது ஆள் விழுந்தது ஒரு மதியம். மூன்றே கால். பெரிய அடியில்லை, முழங்கையில் சிராய்ப்பு. சின்ன சிஸ்டர் படிவத்தை எடுத்து, நேரத்தை எழுதி, காரணத்துக்கு வந்தாள். 'நோயாளியின்' என்று எழுதி முடிப்பதற்குள் சிஸ்டர் அவள் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கினாள்.

"நீ பார்த்தியா?"

"இல்ல சிஸ்டர்."

"பின்ன எப்படி எழுதறே? யாரு பார்த்தா?"

ஆயாம்மா வார்டின் கடைசியில் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள். சிஸ்டர் அங்கேயிருந்தே கூப்பிட்டாள். ஆயாம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். சிஸ்டர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அந்த மேஜைக்கு முன்னால் ஆயாம்மா ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. உட்காரலாமா என்று ஒரு கணம் பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க ஆயாம்மா. நீங்க என்ன பார்த்தீங்க?"

ஆயாம்மா சிஸ்டரின் முகத்தையே பார்த்தாள்.

"இப்ப சிரிக்க மாட்டீங்களே?"

சின்ன சிஸ்டர் தலையைக் குனிந்துகொண்டாள். மிளகாய் சிஸ்டர், எழுதியிருந்த 'நோயாளியின்' என்ற சொல்லை அடித்துவிட்டு, பேனாவைத் தாளின்மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.